எச்சரிக்கை விளக்கும் வியாபாரியின் நாவும்



அல்லாஹுத்தஆலாவைப் புகழ்ந்து, அவனுடைய ரஸூல் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்து ஓதி, இந்த மாதம் ஒரு மோட்டார் வண்டியின் விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். சங்கத்தின் ஏட்டில் வேன் ரிப்பேருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் சில வருஷமும் தொடக்கப் பள்ளியில் ஆறு வருஷமும் ஓதிப் படித்து, பிறகு தராசைப் பிடித்துவிட்டோம். ஆகையால் ஃபத்வாச் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. நமக்கு நேர்ந்ததைச் சொல்லி, ஓதியதையும் கேட்டதையும் அதன் பக்கத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான்.

நம்முடைய கடை பினாங்கில் இருக்கிறது. மசாலாச் சாமான், பருப்பு, அரிசி. தீவின் இந்தப் பக்கத்திலிருந்து மலைக்கு அப்பால் பாலிக் பூலாவ் வரையில் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேன். கடைப் பையனிடம் தானியங்கி வண்டிக்கு மட்டுமான டி.ஏ. லைசென்ஸ்தான் உண்டு. அதனால் தானியங்கி கியர் உள்ளதாகப் பார்த்து, ஒரு பழைய வேனை வாங்கியிருந்தோம். அது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டோம். செய்தவர்கள் மேல் குறையில்லை, வைத்திருந்தவர் மேல்தான் குறை.

அது ஷஃபான் மாதம். ரமலான் வியாபாரம் தொடங்கி, கடையில் மூச்சு விட நேரமில்லை. ஒருநாள் பையன் வந்து, "முதலாளி, மஞ்ச லைட்டு ஒண்ணு எரியுது" என்றான்.

"வண்டி ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன? போய்ச் சரக்கை ஏத்து" என்றோம்.

சகோதரர்களே, அந்தப் பதிலில்தான் நம் நஷ்டம் ஆரம்பமாயிற்று. நம்மில் அநேகர் பல வருஷமாக வண்டி ஓட்டுகிறோம். முன்பலகையில் எரிகின்ற விளக்குகளைப் படிக்கத் தெரியாது. வண்டி கூடவே கொடுத்த கையேட்டைப் பிரித்தும் பார்ப்பதில்லை. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுவோம்.

பச்சையும் நீலமும் சும்மா செய்தி சொல்பவை. முன்விளக்கு எரிகிறது, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்பது போல. மஞ்சள் என்றால் கோளாறு இருக்கிறது, சீக்கிரம் கவனி என்று பொருள். சிவப்பு என்றால் நிறுத்து. பழைய காலத்து எண்ணெய்க் குவளை போன்ற படம் சிவப்பாக எரிந்தால் எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது. கடை இன்னும் அரை மைல்தானே என்று ஓட்டினால் எஞ்சினையே எழுதிவிட வேண்டியதுதான். வெப்பமானியின் படம் சிவப்பானாலும் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்; சூட்டோடு சூடாக ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தை வேக வைத்துக்கொள்ளக் கூடாது. பேட்டரிப் படம் எரிந்தால் பேட்டரி கெட்டது என்றே நினைத்துவிடுகிறோம். சார்ஜ் ஏறவில்லை என்பதுதான் அதன் பேச்சு. பெல்ட் அறுந்திருக்கலாம், பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்டுதான். எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் ஓட்டிப் போய்க் காட்டலாம். அதுவே விட்டு விட்டு மின்னினால், எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியேறிப் புகைக் குழாயிலுள்ள விலையுயர்ந்த வடிப்பானைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைத் தணித்து, கூடிய சீக்கிரம் நிறுத்த வேண்டும்.

கியர் பெட்டிக்குச் சில வண்டிகளில் பல் சக்கரப் படத்துடன் தனி விளக்கு உண்டு. சிலவற்றில் 'ஓ/டி ஆஃப்' என்ற விளக்கோ 'டி' என்ற எழுத்தோ மின்னும். இன்னும் சிலவற்றில் தனி விளக்கே கிடையாது. கியர் பெட்டியின் முறையீட்டையும் எஞ்சின் விளக்கே சுமந்து வரும். நம் வேனில் எரிந்தது அந்த எஞ்சின் விளக்குதான்.

நாலு நாள் கழித்து, போகிற வழியில் ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்தவர் ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள பதினாறு ஊசித் துளையில் ஒரு கைக்கருவியைச் சொருகினார். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷ மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டு, பிறகு உலகமெங்கும் பரவிய துளை அது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது. முப்பது வெள்ளி வாங்கிக்கொண்டார். என்ன கோளாறு என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. விளக்கு அணைந்ததே போதும் என்று சந்தோஷமாகத் திரும்பினோம். வயிற்று வலிக்காரன் வாயைப் பொத்திவிட்டு, வலி தீர்ந்தது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மூன்றாம் நாள் விளக்கு மறுபடியும் வந்தது. மறுபடியும் அணைத்தோம். இந்த நாட்களில் வண்டி வேறு விதங்களிலும் பேசிற்று. காலையில் 'டி'-யில் போட்டால் உடனே நகராது. ஒரு மூச்சு யோசித்து, பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் புறப்படும். மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு கறை விழுந்துகொண்டே இருந்தது. வெற்றிலை எச்சில் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் மேல் சந்தேகப்பட்டு, இரண்டு நாள் அவருக்கு முகம் கொடுக்கவும் இல்லை. அல்லாஹ் மன்னிப்பானாக.

ரமலான் பிறை காண்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, பாலிக் பூலாவுக்கு ஏறும் மலைப் பாதையில், வளைவொன்றில், முழுச் சுமையோடு வண்டி ஏற மறுத்தது. பையன் தனியாக இருந்தான். பின்னால் லாரி. நல்லவேளையாக லாரிக்காரர் பிரேக் போட்டார். கியர் பெட்டியின் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் பூட்டிக்கொள்ளும். நொண்டிக்கொண்டு வீடு சேரலாம், மலை ஏற முடியாது. இது பிறகு நமக்குத் தெரிந்தது. பையன் டெலிபோனில் பேசினபோது அவன் குரல் நடுங்கிற்று. முதல் நாளே விளக்கைப் பற்றிச் சொன்னவன் அவன். "அப்பவே சொன்னேனே முதலாளி" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

வண்டியைத் தட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வரச் செய்தோம். தானியங்கி வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றாது; சக்கரம் உருள உருள உள்ளே உலர்ந்து தேயும்.

பட்டர்வொர்த்தில் கியர் பெட்டி வேலையே செய்யும் ஒரு சீனப் பெரியவரிடம் கொண்டுபோனோம். அவர் வேலை செய்த முறையைச் சொல்லத்தான் வேண்டும். கருவியை எடுப்பதற்கு முன் பேட்டரியைச் சோதித்தார். பேட்டரி சோர்ந்தாலும், பூமிக் கம்பி துருப்பிடித்தாலும் கியர் கணினி தாறுமாறாகப் புகார் எழுதும். அதை நம்பிப் பெட்டியைப் பிரித்து ஆயிரக்கணக்கில் அழுதவர்கள் உண்டு என்றார். பிறகு எண்ணெய். வண்டி சமதரையில், எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, அளவுக்குச்சியை உருவினார். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் முறை. சில கம்பெனிகள் எஞ்சினை நிறுத்திப் பார்க்கச் சொல்லும். புது வண்டிகள் பலவற்றில் குச்சியே கிடையாது, அடியிலுள்ள திருகைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். நம் வேனின் குச்சி நுனியில் எண்ணெய் ஒட்டவே இல்லை. ஒட்டின கொஞ்சத்தைத் துணியில் தேய்த்து நம் மூக்கருகே நீட்டினார். புதிதில் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது, வடித்துப்போன காப்பியின் நிறத்தில், கருகிய வாடையோடு இருந்தது. ரேடியேட்டருக்குள் உடைப்பு உண்டாகித் தண்ணீர் கலந்திருந்தால் சிராப் பண்டுங் போல இளஞ்சிவப்பாக நுரைத்திருக்குமாம். அது இல்லை.

அதற்கப்புறம்தான் கருவி. நம் முப்பது வெள்ளிக்காரர் அழித்த எண் பி-0700. அது கோளாறின் பெயரே அன்று. கியர் கணினியில் ஒரு புகார் எழுதியிருக்கிறது, அதைப் போய்ப் படி என்று எஞ்சின் கணினி சொல்லும் தூது அது. அதைப் படிக்கிற கருவி வேறு. பெரியவர் அதில் படித்தபோது பி-0730 வந்தது. போட்ட கியருக்குரிய கணக்கில் உள்சுழற்சியும் வெளிச்சுழற்சியும் பொருந்தவில்லை, அதாவது உள்ளே வழுக்குகிறது. வழுக்குகிறது என்று எண் சொல்லும். ஏன் என்று சொல்லாது. அதற்குத்தான் வண்டியின் அடியில் படுத்தார். கியர் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயின் பிடிப்பு தளர்ந்து, சொட்டுச் சொட்டாக ஒழுகியிருந்தது. நாம் வெற்றிலை எச்சில் என்ற கறை இதுதான்.

அவர் விளக்கினது இதுதான்: தானியங்கிப் பெட்டிக்குள் வழவழப்பும் குளிர்ச்சியும் மட்டுமல்ல, பலமும் அந்த எண்ணெய்தான். அதன் அழுத்தமே கிளட்சுத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், தகடு வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் எண்ணெய் கருகும், கருகினால் இன்னும் வழுக்கும். விளக்கு முதன்முதலாக எரிந்த அன்றே வந்திருந்தால் குழாயும் எண்ணெயும் மாற்றிச் சில நூறு வெள்ளியில் தப்பியிருக்கலாம். இப்போது தகடுகள் எரிந்துவிட்டன. பெட்டியைப் பிரித்தாக வேண்டும். ஐயாயிரத்து ஐந்நூறு வெள்ளி. புது எண்ணெய் ஊற்றினால் சில வாரம் ஓடும், அதற்குமேல் உறுதியில்லை. ஊற்றும் எண்ணெயும் கையேட்டில் சொன்ன வகையாகவே இருக்க வேண்டும் என்றார். சி.வி.டி. பெட்டிக்குச் சாதாரண ஏ.டி.எஃப். எண்ணெயை ஊற்றிக் கெடுத்தவர்கள் அவரிடம் வந்திருக்கிறார்கள்.

எண்ணெயும் குழாயும் மட்டும் போடச் சொன்னோம். விளக்கையும் அழிக்கச் சொன்னோம். பெரியவர் நம்மை ஒரு பார்வை பார்த்தார். செய்து கொடுத்தார்.

சகோதரர்களே, இதுவரை சொன்னது மடமை. இனிச் சொல்வது வேறு. சில வாரம் ஓடும் என்றால், அந்தச் சில வாரத்துக்குள் விற்றுவிடலாம் என்ற எண்ணம் நமக்கு வந்தது. யாரும் தூண்டவில்லை. ஷைத்தானைக் கட்டிப் போட்டிருக்கும் மாதத்தில் வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பி, இரவுச் சந்தையில் முர்தபாக் கடை போடப் புதிதாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தவர், வேன் தேடி வந்தார். பெயிண்டைத் தடவினார், டயரை உதைத்தார், எஞ்சினைக் கேட்டார். தெருவை ஒருமுறை சுற்றி வந்தார். விளக்கு எதுவும் எரியவில்லை. பதினோராயிரம் வெள்ளிக்குப் பேரம் முடிந்தது. முன்பணமாக ஐந்நூறு தந்தார். கடைசியாக, "நானா, கியரெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"தினமும் பாலிக் பூலாவ் போய்க்கிட்டுத்தானே இருந்துச்சு, தம்பி" என்றோம்.

அந்த வார்த்தையை எடுத்துப் பாருங்கள். பொய் ஒன்றும் இல்லை. போய்க்கொண்டுதான் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓதியும் தொழுதும் பழகிய நாக்கு, பொய் சொல்லாமலே ஒரு மனிதரை ஏமாற்றும் வித்தையை எங்கே கற்றுக்கொண்டது?

மறுநாள் அஸருக்குப் பின் பள்ளிவாசலில் மௌலவி அவர்கள் பயான் செய்தார்கள். வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களுடைய சம்பவம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தின் ஒழுக்கம் பற்றிய பகுதியில் எழுதியிருப்பது. ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹமுக்கு விற்கிறார். வாஸிலா (ரலி) அவர்கள் அருகில் நின்றும் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு போன பிறகே நினைவு வருகிறது. பின்னாலேயே ஓடிக் கூவி நிறுத்தி, இதை இறைச்சிக்கு வாங்கினீரா, ஏறிச் செல்வதற்கா என்று கேட்கிறார்கள். ஏறிச் செல்ல என்கிறார் அவர். அப்படியானால் இதன் பாதத்தில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று சொல்லிவிடுகிறார்கள். ஒட்டகம் திரும்பி வருகிறது. நூறு திர்ஹம் விலை குறைகிறது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் குறைப்படுகிறார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மையை நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கைகொடுத்திருக்கிறோம் என்பதே வாஸிலா (ரலி) அவர்களின் பதிலாக இருந்தது.

அவர்கள் விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர், தரகரும் அல்லர். பக்கத்தில் நின்றவர்கள். பார்த்ததற்காக ஓடினார்கள். நாமோ கல்லாவில் உட்கார்ந்திருந்தோம்.

தானியக் குவியலின் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு குவியலுக்குள் கையை விட, விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றான் வியாபாரி. ஜனங்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அரிசி மூட்டை விஷயத்தில் இதை நாம் பேணித்தான் வருகிறோம். வண்டு விழுந்த பருப்பைத் தனியே வைத்துச் சொல்லித்தான் விற்கிறோம். வேன் நம் சரக்கு அல்லவே, அதில் இந்தச் சட்டம் எங்கே வந்தது என்று மனசு வழக்காடிற்று. மழையில் நனைந்ததை அந்த வியாபாரி தானாக நனைக்கவில்லை; நாம் விளக்கை நம் காசு கொடுத்து அணைத்தோம். அந்த விளக்கு ஒரு சாட்சி. சாட்சியத்தை மறைக்கிறவருடைய உள்ளம் பாவத்துக்குள்ளாகும் என்ற எச்சரிக்கை, கொடுக்கல் வாங்கல் பற்றி அல்லாஹ் விரிவாகப் பேசும் இடத்திலேயே, பகரா சூராவின் 283-ஆம் வசனத்தில் வருகிறது.

"பார்த்துத்தானே வாங்கினான்" என்று சொல்லித் தப்புகிறவர்கள் நம்மிலே உண்டு. மறைந்த குறை பிறகு வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கினவருக்கு உண்டென்று ஃபிக்ஹுக் கிதாபுகளில் தனிப் பாடமே இருக்கிறது. விவரத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்மைப் போன்றவர்களிடமிருந்து தப்பும் வழி நமக்குத்தானே நன்றாகத் தெரியும்! சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல் நிறுத்திப் பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். எஞ்சின் விளக்கோ காற்றுப்பை விளக்கோ அப்போது எரியவே இல்லையென்றால் அதை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கருவி வைத்திருப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். புகார் எண்ணை அழித்தாலும், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும், வண்டி தன்னைத்தானே சோதித்த கணக்குகளும் சேர்ந்து அழிந்து 'தயாரில்லை' என்று காட்டும். அவை மறுபடி நிறைவேறச் சில நாள் ஓட வேண்டும். தினமும் ஓடுகிற வண்டி என்று சொல்லப்படுவது 'தயாரில்லை' என்று காட்டினால், அண்மையில் யாரோ துடைத்திருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் 'டி'-யிலும் 'ஆர்'-இலும் போட்டுப் பாருங்கள். சூடான பிறகு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். நிறுத்தி வைத்திருந்த இடத்துத் தரையைக் குனிந்து பாருங்கள். தெருவைச் சுற்றி வருவது போதாது.

பயான் முடிந்து நோன்பு திறந்த பிறகு அந்தத் தம்பியைக் கடைக்கு வரச் சொன்னோம். எல்லாவற்றையும் சொன்னோம். பி-0730, எரிந்த தகடு, பெரியவர் சொன்ன தொகை, நாம் அழிக்கச் சொன்னது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மீதிப் பணத்துக்கு உம்மாவின் வளையலை ஈடு வைக்கப் போட்டிருந்ததாகச் சொன்னார். அடுப்பும் கேஸும் ஏற்றிக்கொண்டு, உம்மாவையும் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டுதான் சந்தைக்குச் சந்தை போகப் போகிறாராம். நமக்கு அந்த மலை வளைவும் பின்னால் வந்த லாரியும் கண்ணில் நின்றன.

ஐந்தாயிரத்தைக் குறைத்துக்கொள்கிறோம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். "வேணாம் நானா" என்றார். அந்த வேனை மூன்று மாதம் கழித்து, குறையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பட்டறைக்காரருக்கு விற்றோம். தம்பி வேறு வண்டி வாங்கிவிட்டார். கடையும் நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஸலாம் சொன்னால் பதில் சொல்கிறார். மாவும் நெய்யும் வேறிடத்தில் வாங்குகிறார்.

அன்றிரவு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, பத்து ஐம்பது வெள்ளித் தாள்கள். ஒவ்வொன்றாக, நம் முன்னிலையிலேயே, இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் சட்டைப் பையில் வைத்தார்.